கிளாத்திக்குக் கூட்டாளி யார்?

கடல் மீன் வளர்ப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அவர் கடல் மீன் வளர்த்துப் பார்த்ததில்லை என்று பொருள். ஆற்று மீனும் குளத்து மீனும் ஓரளவு எதையும் தாங்கிக்கொள்ளும். கடல் மீனின் கதை வேறு. நீரில் உப்பு ஏறினால் ஒரு வாட்டம், இறங்கினால் ஒரு வாட்டம், வெயில் கூடினால் ஒரு வாட்டம். இவை எல்லாவற்றையும் சரிப்படுத்திவிட்டு நிமிர்ந்தால் கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும். இந்த மீனோடு எந்த மீனைக் குடிவைப்பது?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வீட்டை வாடகைக்கு விடும்போது ஆளைப் பார்த்துத்தான் சாவியைக் கொடுக்கிறோம். மீனுக்கும் பொருத்தம் உண்டு என்பதைக் கடந்த ஒன்றரை ஆண்டாக எங்கள் வீட்டுக் கிளாத்தி எனக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

"கிளாத்தியா, அது என்ன மீன்?" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் வழங்கும் பெயர் அது. மலாய்க்காரர்கள் இக்கான் ஜெபோங் என்பார்கள். அலங்கார மீன் கடைகளில் டிரிகர் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். டிரிகர் என்றால் துப்பாக்கியின் விசை. அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. இந்த மீனின் முதுகில் முன்பக்கம் ஒரு பெரிய முள் இருக்கும். ஆபத்து வந்தால் பாறை இடுக்கில் புகுந்துகொண்டு அந்த முள்ளை நிமிர்த்தும். அதற்குப் பின்னால் உள்ள சின்ன முள், தாழ்ப்பாள் போட்டதுபோல் பெரிய முள்ளைப் பூட்டிவிடும். பிறகு பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. பின்னால் உள்ள சின்ன முள்ளை அழுத்தினால்தான் பூட்டுத் திறக்கும். துப்பாக்கி விசையைப் போன்ற இந்த அமைப்பினால்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

உலகில் சுமார் 40 வகைக் கிளாத்திகள் உள்ளன. ஹவாய் மாநிலத்தார் ஒரு கிளாத்தியைத் தங்கள் மாநில மீன் என்று 2006ஆம் ஆண்டில் நிரந்தரமாகவே அறிவித்துவிட்டார்கள். ஹுமுஹுமுநுக்குநுக்குஆபுவாஆ என்பது அதன் பெயர். என் பேரன் இதை மூச்சுவிடாமல் சொல்வான். எனக்கு நடுவில் பல்செட் நகர்ந்துவிடும்.

கிளாத்திக்குக் கண்கள் முகத்தில் வெகு மேலே, வெகு பின்னால் இருக்கும். ஒரு கண் இந்தப் பக்கம் பார்க்க, மறு கண் அந்தப் பக்கம் பார்க்கும். வாய் சிறியதுதான். ஆனால் பற்கள் உளி போன்றவை. நண்டின் ஓடு, சிப்பி, முள்ளாக நிற்கும் கடல் முள்ளெலி எல்லாவற்றையும் உடைத்துத் தின்பதற்காக இயற்கை கொடுத்த பற்கள். முள்ளெலியை நேராகக் கடித்தால் முள் குத்தும் என்பதால், வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி அதைப் புரட்டிப்போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தைக் கடிக்கும். இவ்வளவு புத்தியுள்ள மீன், பக்கத்து மீனிடம் மட்டும் வம்பு செய்யாமல் இருக்குமா?

இனி, தோட்டத்துக் கிராணியாக இருந்த எனக்கும் கடல் மீனுக்கும் என்ன உறவு என்பதைச் சொல்ல வேண்டும்.

இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றதும் ரவாங்கில் ஒரு தாமானில் இணைப்பு வீடு வாங்கிக் குடியேறினோம். நானும் என் மனைவியும் மட்டும் இருந்த வீட்டுக்கு, மகளின் மகன் நான்காம் ஆண்டு படிக்கும்போது வந்து சேர்ந்தான். மகள் கிள்ளானில் தாதி. மருமகன் தொலைதூர லோரி ஓட்டுகிறார். அவளுக்கு இரவு வேலை, அவருக்கு எந்த நேரமும் சாலை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஆகவே ஆண்டின் பாதியில் பள்ளி மாற்றி, எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

பையன் நல்லவன். ஆனால் கைநீளம். திருட்டுக் கை அல்ல, அடிக்கும் கை. புதுப் பள்ளிக்குப் போன இரண்டு மாதத்தில் மூன்று சண்டை. குறிப்புப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க பேரன் ரொம்ப நக்கால்" என்று என் மனைவியிடம் சொன்னார். அவன் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான், அவன் மனம் மாறட்டும் என்று கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் அடியில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மீன் காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். திரும்பும் வழியில் கடல் மீன் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு சின்னத் தொட்டியில் ஒரே ஒரு மீன் தனியாக இருந்தது. உடம்பில் யாரோ தூரிகையால் விளாசியதுபோல் கருப்பு, வெள்ளை, மஞ்சள், நீலக் கோடுகள். பிக்காசோ கிளாத்தி. கண்ணாடி அருகே பேரன் விரலை வைத்தான். மீன் ஓடவில்லை. நேரே வந்து விரலைக் கடிக்கப் பார்த்தது.

கடைக்காரச் சீனர் சிரித்துக்கொண்டே, "இக்கான் இனி நக்கால்" என்றார்.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இதுவும் நக்காலா தாத்தா? அதனாலதான் தனியா வச்சிருக்காங்களா?" என்றான். சற்றுப் பொறுத்து, "அப்ப இதை யாரும் வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் கடையை விட்டு வெளியே வர முடியவில்லை. "வாங்கலாம். ஆனால் இன்றைக்கு இல்லை. அது இருப்பதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும்" என்றேன். கடைக்காரர் அனுபவசாலி. அன்றே விற்றுத் தள்ளாமல், ஒரு தாளில் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் கிளாத்தி கடைசி வரியில் இருந்தது.

முதலில் தொட்டி. பிக்காசோ கிளாத்தி சிறிதாக வாங்கினாலும் வளர்ந்தால் 25 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். நாள் முழுதும் நீந்தும் மீன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி வாங்கினோம். ஏறக்குறைய 560 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் கனம் மட்டுமே அரை டன்னுக்கு மேல். ஆகவே மாடிக்குக் கொண்டுபோகும் ஆசையை விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் சிமெண்டுத் தரையில் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தோம்.

அடுத்தது கடல். ரவாங்கிலிருந்து மேற்கே போனால் கோலா சிலாங்கூர். அது சேறும் அலையாத்திக் காடும் நிறைந்த கரை. கிளாத்தி வாழும் பவளப்பாறைகள் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று கிழக்குக் கரையில் இருக்கின்றன. ஆகவே கடலை வீட்டிலேயே கலக்க வேண்டும். இதற்கென்று விற்கும் உப்பு வேறு, சமையல் உப்பு வேறு. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். பாறைகளுக்கு இடம் போக எங்கள் தொட்டியில் 500 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், பதினேழரைக் கிலோ உப்பு. குழாய் நீரில் குளோரின் உண்டு. அதை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகுதான் உப்பைப் போட வேண்டும்.

உப்பின் அளவைப் பார்க்க ஒரு மிதவைக் கருவி தந்தார்கள். அதைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் பால் நிறுத்த அன்பர்களுக்கு மெட்ரோலாக் நினைவிருக்கும். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று காட்டிக்கொடுக்கும் கருவி. வாளிக்குள் அதை மிதக்கவிட்டு, எத்தனை ஆயிரம் முறை குனிந்து பார்த்திருப்பேன்! அதன் தம்பிதான் இது. திரவம் கனத்தால் கருவி மேலே நிற்கும், கனம் குறைந்தால் கீழே இறங்கும். மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு 1.022க்கும் 1.025க்கும் இடையில் நின்றால் போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. ஆகவே தினமும் குறைந்த நீருக்கு நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீரை அல்ல.

வெப்பம் இன்னொரு தலைவலி. ரவாங்கில் பிற்பகல் 32, 33 பாகை சாதாரணம். தொட்டி 25க்கும் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு குளிரூட்டி. மாதாமாதம் மின் கட்டணத்தில் எழுபது வெள்ளிக்கு மேல் கூடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. குடும்பத்தில் ஒருவர் முகம் சுளித்தால் மீன் வளர்ப்பில் நிம்மதி இருக்காது. என் மனைவி இரண்டு வாரம் சுளித்தார். பிறகு, பையன் தொலைபேசி விளையாட்டை விட்டுத் தொட்டியின் முன் உட்காருவதைப் பார்த்துவிட்டு, தாமே விளக்கை அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தொடங்கினார்.

இவ்வளவும் ஆன பிறகு, மீன் இல்லாமல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வெளியாருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சு. இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கு குறைவு. அந்த நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வெறும் பாறையும் நீரும் உள்ள தொட்டியைப் பேரன் ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருந்தான். வாரம் இருமுறை சோதனைக் குழாயில் மருந்துவிட்டு, நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. நுண்ணுயிர்களுக்கு வெளியே வந்து கைகாட்டத் தெரியாது என்பதால், நம்பித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

இந்த இடைவெளியில் கடையில் இருந்த அந்தக் கிளாத்தி விற்றுப்போய்விட்டது. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவனே, "யாரோ வாங்கியிருக்காங்கல்ல தாத்தா" என்றான். அதில் ஒரு திருப்தி இருந்ததைக் கவனித்தேன்.

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். கிளாத்தியோடு யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது?

சேர்க்கக் கூடாதவர்களை முதலில் சொல்கிறேன். இறால், நண்டு, நத்தை, சிப்பி, முள்ளெலி, நட்சத்திர மீன் ஆகியவை கூட்டாளி அல்ல, சாப்பாடு. கிள்ளானில் என் மைத்துனர் ஒருவர் தம் கிளாத்தித் தொட்டியில் அழகான சிவப்புக் கோட்டு இறால் இரண்டை விட்டார். மறுநாள் காலையில் மீசை மட்டும் மிதந்தது. விரலளவுச் சின்ன மீன்களும் கூடாது. கடல் குதிரை போன்ற மெதுவான உயிர்கள் கிளாத்தியின் பக்கத்தில் இரை எடுக்க முடியாமல் பட்டினி கிடக்கும். நீண்ட துடுப்புகளை விரித்து மிதக்கும் சிங்க மீனை நஞ்சு முள் காப்பாற்றும் என்பார்கள். ஆனால் துடுப்பின் ஓரத்தைக் கிளாத்தி கத்தரித்துக்கொண்டே இருக்கும். ஒரே தொட்டியில் இரண்டு கிளாத்திகளை வைப்பதும் பெரும்பாலும் போரில் முடியும்.

கிளாத்திகளுக்குள்ளும் குணபேதம் உண்டு. நீலத்தொண்டைக் கிளாத்தியும் சிவப்புப் பல் கிளாத்தியும் நீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களைத் தின்பவை. அதனால் மற்றவற்றை விடச் சாது. பிக்காசோ நடுத்தரம். ஆரஞ்சுக் கோட்டுக் கிளாத்தி பெரும் சண்டைக்காரன். அதைத் தனியே வைப்பதே உத்தமம். கோமாளிக் கிளாத்தி என்று ஒன்று உண்டு. வெள்ளை வட்டங்களோடு பார்க்க அத்தனை அழகு. ஆனால் 50 சென்டிமீட்டர் வரை வளரும், வயதாக ஆக முரடாகும். 75 சென்டிமீட்டர் வரை வளரும் ராட்சதக் கிளாத்தியும் உண்டு. பெர்ஹெந்தியானில் முக்குளிப்பவர்களுக்கு அதை நன்றாகத் தெரியும். மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும் காலத்தில், ஆள் என்றும் பாராமல் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கிப் புனல் போல் விரியும் என்பதால், மேலே ஏறாமல் பக்கவாட்டில் நீந்தித் தப்ப வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லித் தருவார்கள். முட்டையைக் காக்கும் அதனைக் கெட்ட மீன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் காலணியோடு நுழைந்தால் நம் வீட்டுப் பாட்டி மட்டும் சும்மா விடுவாளா?

சேர்க்கத் தக்கவர்களைத் தேர்ந்தெடுக்க நான்கு விதிகளை வைத்துக்கொண்டோம். கூட்டாளி கிளாத்தியின் வாயில் அடங்காத அளவினதாக இருக்க வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள அதனிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதன் உணவு வேறாக இருந்தால் நல்லது. அது நடமாடும் நேரமோ இடமோ வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கில் முதலில் வந்தது நரிமுக ஓரா. மஞ்சள் உடல், நரியைப் போல நீண்ட மூக்கு. முதுகு முட்களில் நஞ்சு உண்டு. ஆனால் தானாக வம்புக்குப் போகாது. பாசி தின்னும் சைவம். ஜப்பானியக் கடற்பாசித் தாளைக் கவ்வியில் மாட்டிவிட்டால் அதன் பாட்டுக்குத் தின்னும். இரண்டாவது, அணில் மீன். சிவப்பு உடல், பெரிய கண். பகலில் குகையில் உறங்கும், இரவில் உலாவும். கிளாத்தி பகலில் உலாவி, இரவில் இடுக்கில் முள்ளைப் பூட்டிக்கொண்டு உறங்கும். ஒரே வீட்டில் பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் குடியிருப்பது மாதிரி. "அம்மா அப்பா மாதிரி" என்றான் பையன். மூன்றாவது, செம்பழுப்பு நிறக் கோமாளி மீன். கோமாளி மீன்களில் இதுதான் முரட்டு ஜாதி. கன்னத்தில் முள் உண்டு. தன் மூலையை விட்டுக்கொடுக்காது. கடைக்காரர் அஞ்சாலையையும் சொன்னார். புள்ளிபோட்ட சின்ன அஞ்சாலை கிளாத்தியோடு ஒத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் பாம்பு மாதிரி இருக்கும் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது என்று என் மனைவி கூறிவிட்டார்.

வரும் வரிசையும் முக்கியம். சாதுவானது முதலில், சண்டைக்காரன் கடைசியில். முதலில் வந்தவன் தொட்டி முழுவதையும் தன் சொத்து என்று நினைப்பான். கிளாத்தி முதலில் வந்தால், பிறகு வருகிற ஒவ்வொன்றும் அதற்கு அத்துமீறி நுழைந்த திருடன். கடைசியில் வந்தால் அதுதான் புது ஆள், அதுதான் இடம் தேட வேண்டும். ஒவ்வொரு மீனையும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு பெரிய தொட்டியில் விட்டோம். ஆக, முதல் கடைக்குப் போன நாளிலிருந்து ஏறத்தாழ அரை வருடம் கழித்துத்தான் ஒரு பிக்காசோ கிளாத்தி எங்கள் தொட்டிக்கு வந்தது. அப்போது அது எட்டு சென்டிமீட்டர் கூட இல்லை.

இரண்டு வாரம் அமைதி. மூன்றாவது வாரம் தகராறு தொடங்கியது. அணில் மீன் உறங்கும் குகையின் மீது கிளாத்திக்குக் கண். வாலின் ஓரம் பிய்ந்திருப்பதை ஒரு மாலையில் பையன்தான் கண்டான். கிளாத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமோ என்று அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "அதுக்குத் தெரியாது தாத்தா, சொல்லிக் குடுத்தா செய்யாது" என்று வாதாடினான்.

மீனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது என்று அவனை உட்காரவைத்துச் சொன்னேன். அது கடிக்கப் பிறந்தது. நாம் செய்யக் கூடியது வேறு. கிளாத்தியை ஒரு தடுப்புக்குப் பின்னால் பத்து நாள் வைத்தோம். அதற்குள் பாறைகள் அனைத்தையும் பிரித்து, வேறு விதமாக அடுக்கினோம். இருந்த ஒரு குகைக்குப் பதிலாக நான்கு குகைகள். ஒரு மீன் மற்றொன்றின் கண்ணில் படாமல் ஒதுங்குவதற்கு நடுவில் ஒரு சுவர். இது மீன் வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் பழைய உபாயம். பாறை மாறினால் பழைய எல்லை அழிந்துபோகும். பழைய ஆள், புது ஆள் என்ற வேற்றுமை இல்லாமல் எல்லாருக்கும் அது புது வீடு. தடுப்பை எடுத்ததும் நான்கு மீன்களும் திகைத்து, ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தேடின. கிளாத்தி இடது கோடியில் ஒரு குகையைப் பிடித்தது. அணில் மீன் வலது கோடிக்குப் போயிற்று. வால் சில வாரங்களில் வளர்ந்துவிட்டது.

அந்த மாதம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. மகளுக்கு வேலை, ஆகவே நான் போனேன். மற்றுமொரு புகாரைக் கேட்கத் தயாராகத்தான் போனேன். வகுப்பாசிரியை ஒரு இளம் பெண். "வகுப்பில் எல்லாருடைய இடத்தையும் மாற்றிவிட்டேன் ஐயா. முதலாம் ஆண்டிலிருந்து ஒன்றாக உட்கார்ந்தவர்கள் மத்தியில் உங்கள் பேரன் மட்டும் புதிதாக வந்தான். அவனுக்கு உட்கார ஓர் இடமே இல்லாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் புது இடம்" என்றார். நான் அவரிடம் மீன் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழவர் பேரனை மீனோடு ஒப்பிடுகிறார் என்று நினைத்திருப்பார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாறைகளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பையன் அன்றோடு சாதுவாகிவிட்டான் என்று கதை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் ஒரு சிவப்பு மைக் குறிப்பு வந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் இரண்டு பையன்கள் மிதிவண்டியில் வந்து இறங்குகிறார்கள், கிளாத்தி இரை எடுப்பதைப் பார்க்க. அதில் ஒருவன் என் பேரனிடம் முன்பு அடி வாங்கியவன்.

இரை கொடுப்பதும் ஒரு கலைதான். பசித்த கிளாத்திதான் பக்கத்து மீனைச் சீண்டும். சிறிது சிறிதாக, நாளைக்கு இருமுறை கொடுக்கிறோம். பசாரிலிருந்து ஓட்டோடு இறால், கெராங், சோத்தோங் வாங்கி, கழுவி, உறையவைத்து வைத்துக்கொள்கிறோம். ஓட்டைக் கடித்தால்தான் அதன் பல் தேயும், இல்லையேல் நீண்டுகொண்டே போகும். கையால் கொடுக்கக் கூடாது, நீண்ட இடுக்கிதான். கம்பி, குழாய் எதையும் அதன் எதிரில் தொங்கவிடக் கூடாது, கடித்துப் பார்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுபது லிட்டர் நீரை மாற்றுகிறோம். சிலாங்கூர்வாசிகளுக்குத் தண்ணீர்த் தடை புதிதல்ல என்பதால், இரண்டு பெரிய பீப்பாய்களில் நீர் எப்போதும் தயார்.

மின்சாரம் நின்றால்தான் பெரிய சோதனை. ஒருநாள் இடியும் மழையுமாக மூன்று மணி நேரம் தாமானே இருண்டுவிட்டது. பம்பு நின்றால் நீரில் உயிர்வளி குறையும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பைப் போட்டுவிட்டு, மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பையனுக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்கு இந்த ஊரின் கதையைச் சொன்னேன். 1894ஆம் ஆண்டில் லோக் இயூ என்ற சீன முதலாளியும் நம் கே. தம்புசாமிப் பிள்ளையும் இதே ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி கொண்டுவந்தார்கள். இந்நாட்டில் முதன்முதலில் மின்சாரப் பம்பு ஓடியது இங்கேதான், சுரங்கத்து நீரை இறைப்பதற்காக. "அப்ப நம்ம ஊருதான் முதல்ல தண்ணி பம்பு போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, கிளாத்தியின் குகைப் பக்கம் டார்ச்சைத் திருப்பினான். அது இடுக்கில் முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. வெளியே எவ்வளவு இடித்தாலும் அது வெளியே வராது.

கடைசியாகச் சில சொற்கள். கடையில் காணும் கிளாத்திகளில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. தொட்டியில் பிறந்தவை அல்ல. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் கடல் பூங்காக்களில் மீன் பிடிப்பது குற்றம். விடுமுறைக்குத் தீவுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து ஒரு குஞ்சைக் கூடப் புட்டியில் கொண்டுவர எண்ணக் கூடாது. சில நாடுகளில் பாறை மீன்களைச் சயனைடு நஞ்சு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட மீன் சில நாளில் செத்துப்போகலாம். அது இருந்த பவளப்பாறையும் செத்துவிடும். ஆகவே மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாகக் கடையில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் எதிரில் அது இரை எடுப்பதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ, வளர்ப்பவர் ஒருவருக்கோ கொடுங்கள். கடலிலும் ஆற்றிலும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கிளாத்தி பத்து ஆண்டுக்கு மேல் வாழும். எனக்கு இப்போது 71. பேரனுக்குப் பதினொன்று. இந்தக் கணக்கை மறைக்காமல் மகளிடமும் மருமகனிடமும் பேசிவிட்டோம். அவர்கள் வேலை மாறி, பையனைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் தொட்டியும் உடன் போகும். அதற்காக அவர்கள் தேடும் வீட்டில் கீழ்த்தளத்தில் ஐந்தடிச் சுவர் ஒன்று காலியாக இருக்க வேண்டும் என்று பையன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.

கிளாத்தி வாங்க நினைக்கும் அன்பர்கள், கேட்க வேண்டிய கேள்விகளைக் காலித் தொட்டியின் முன் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். மீனைப் பார்த்துவிட்டால் பிறகு எதுவும் கேட்கத் தோன்றாது.